மழை கேட்டவர்கள்

காலநிலை மாற்றத்தைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தவள் நான். ஆனால் வெளியே கிளம்பும்போது குடை எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று என் அம்மா இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. மாடிக்குப் போய், எதிர்வீட்டில் துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து முடிவு செய்வாள். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் என் படிப்புக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

ஆறாவது வருடம் என்பது ஆய்வு மாணவர்களுக்கு ஒரு தனிப் பருவம். கடைசி நீட்டிப்பும் கொடுத்தாயிற்று, இதற்குமேல் கேட்டால் பதிவை ரத்து செய்துவிடுவோம் என்று விழுப்புரத்தில் எங்கள் துறை அலுவலகத்திலிருந்து கடிதமே கொடுத்துவிட்டார்கள். கையில் நான்கு அத்தியாயங்கள் இருந்தன. நான்கிலும் மற்றவர்கள் சொன்னதை மரியாதையாகத் திருப்பிச் சொல்லியிருந்தேன். என் வழிகாட்டி, ஓய்வுபெற இரண்டு வருடம் மிச்சமிருந்த பேராசிரியர், எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“எல்லாம் கரெக்டா இருக்கும்மா. இதுல நீ எங்க இருக்க?”

நான் நன்றியுரையில் இருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொந்தமாக ஒரு கண்டுபிடிப்பு, ஒரே ஓர் அத்தியாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டம் கிடையாது, ஆறு வருடமும் கிணற்றில் போட்ட கல்தான். இதை அவர் சொல்லவில்லை, நான் புரிந்துகொண்டேன்.

அதற்குமுன் நான் முயற்சி செய்யாமல் இல்லை. கிளியனூர்ப் பக்கம் நான்கு கிராமங்களில் கருத்துக்கணிப்பு நடத்தியிருந்தேன். ‘கடந்த இருபது ஆண்டுகளில் மழையளவு குறைந்துள்ளது’ என்று நான் வாசிப்பேன். ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்பதில் தொடங்கி ‘முழுமையாக மறுக்கிறேன்’ வரை ஐந்து பதில்களில் ஒன்றை அவர்கள் சொல்ல வேண்டும். பேசி வைத்துக்கொண்டதுபோல எல்லாரும் முழுமையாக உடன்பட்டார்கள். அடுத்த பக்கத்தில் சோதித்துப் பார்ப்பதற்காக ‘மழையளவு அதிகரித்துள்ளது’ என்றும் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அதற்கும் முழுமையாக உடன்பட்டார்கள். கரும்பு வயல் வரப்பில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், ரெண்டுக்கும் எப்படிங்க ஆமாம் சொல்றீங்க என்று எரிச்சலாகவே கேட்டுவிட்டேன்.

“இந்த வெயில்ல அலைஞ்சிகினு வர்றியேம்மா. இல்லன்னு சொல்லி உன்ன எதுக்கு பேஜார் பண்றது? உனக்கு எது தோதோ அதுல டிக் போட்டுக்க” என்றார் அவர்.

பிறகு பனமலை ஏரிக்குப் போனேன். நீர்மட்டம் எப்படி மாறுகிறது என்று மாதாமாதம் அளக்கலாம் என்பது திட்டம். நான் நட்டுவைத்த அளவுகோலை இரண்டாவது வாரமே யாரோ பிடுங்கிக்கொண்டுபோய் ஆடு கட்டியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல உறுதியான கழி அது.

கடைசியில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். அங்கே பாதிக் குடும்பங்கள் எங்களைப்போலக் கத்தோலிக்கர்கள், நம்ம ஆட்களாச்சே, கொஞ்சம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று போயிருந்தேன். போன அன்றைக்கே நல்ல மழை. காலநிலை ஆராய்ச்சிக்காரி குடை இல்லாமல் மாதா கோயில் வாசலில் ஒதுங்கி நின்றாள். அங்கே உபதேசியார் ஒருவர் இருந்தார். சாமியார் மற்ற ஊர்களுக்குப் போயிருக்கும் நாட்களில் கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, செபம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்தான். பூசை உடுப்புகள் வைக்கும் அறையைத் திறந்து என்னை உட்காரவைத்துவிட்டு டீ வாங்கப் போனார். அங்கே அலமாரியில் அடுக்கடுக்காக நீளமான நோட்டுகள் இருந்தன. பூசைக் கருத்து நோட்டுகள்.

எங்கள் கோயில்களில் யார் வேண்டுமானாலும் தங்கள் தேவைக்காக ஒரு பூசை கேட்கலாம். எதற்காக என்பதை உபதேசியார் நோட்டில் எழுதுவார், பூசை தொடங்கும்போது அதை வாசிப்பார்கள். நான் புரட்டிய பக்கங்களில் இறந்துபோன மாமனாருக்கு ஆன்ம இளைப்பாற்றி இருந்தது, விசா கிடைக்க இருந்தது, கிட்னிக் கல் கரைய இருந்தது. அவற்றுக்கு நடுவில் ஒரு வரி: ‘மழை வேண்டி. ஒரு விசுவாசி.’ நான்கு வரி தள்ளி மறுபடியும், ‘மழை வேண்டி. ஒரு விசுவாசி.’

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மரத்தண்டின் வளையங்களை எண்ணி, நூறு வருடத்துக்கு முந்தைய மழையைக் கணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நேராக அளக்க முடியாததை வேறொன்றைக் கொண்டு ஊகிப்பது எங்கள் துறையில் பெரிய வித்தை. ஜனங்கள் எப்போது மழைக்குப் பூசை கேட்பார்கள்? வறட்சி வரும்போது. அப்படியானால் பூசைகளை எண்ணினால் வறட்சியை எண்ணியதுதானே? உபதேசியார் டீயோடு வருவதற்குள் என் மனதில் அத்தியாயத்தின் தலைப்பும் அட்டையும் தயாராகிவிட்டன.

இரண்டு வாரம் தினமும் திண்டிவனத்திலிருந்து செஞ்சி பஸ் பிடித்துப் போய் அந்த அறையில் உட்கார்ந்து எழுதினேன். பல வருடங்களில் மழைப் பூசை ஒன்று அல்லது இரண்டு, அவையும் ‘ஊர்ப் பொது’ என்ற பெயரில். பிறகு தொடர்ந்து ஐந்து வருடம், பொங்கல் முடிந்ததிலிருந்து ஆடி வரைக்கும் வாராவாரம் ‘ஒரு விசுவாசி’. அதற்கடுத்த வருடம் சுத்தமாக இல்லை. வரைபடமாகப் போட்டபோது நடுவில் மலைபோல எழும்பி, சட்டென்று தரையில் விழுந்தது. விழுந்த வருடத்தில் அந்த ஊரில் என்ன நடந்தது என்று விசாரித்தேன். அரசுத் திட்டத்தில் ஏரியைத் தூர்வாரியிருந்தார்கள். இதற்குமேல் ஓர் ஆராய்ச்சியாளருக்கு என்ன வேண்டும்? அந்த இடத்தில் சிவப்பில் ஓர் அம்புக்குறி போட்டு ‘கொள்கைத் தலையீடு’ என்று எழுதினேன். வாராவாரம் பூசை கேட்டதை ‘சமூகத்தின் கூட்டுக் கவலை’ என்றும் எழுதினேன்.

ஒரே ஒரு வரி மட்டும் ஒட்டவில்லை. ஐந்தாவது வருடம் வைகாசியில் ‘மழை நிற்க வேண்டி. ஒரு விசுவாசி’ என்று இருந்தது. வறட்சியின் உச்சியில் யார் மழையை நிற்கச் சொல்லப் போகிறார்கள்? எழுதியவர் ஏதோ நினைப்பில் எழுதியிருப்பார் என்று அந்த வரியை நீக்கிவிட்டேன். ஆராய்ச்சியில் இதற்குத் தரவைச் சுத்தம் செய்தல் என்று பெயர். வீட்டில் துடைப்பத்தைத் தொடாதவள் என்று அம்மாவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த நான், அந்த ஒரு வரியை மட்டும் அவ்வளவு அக்கறையாகப் பெருக்கித் தள்ளினேன்.

துறைக் கருத்தரங்கில் படத்தைக் காட்டியபோது கைதட்டினார்கள். என் வழிகாட்டி எழுந்துநின்று, “இது ரொம்ப ஒரிஜினல்” என்றார். அன்றைக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, என்னை யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று கொஞ்சம் நிமிர்ந்தே நின்றேன். கண்டுகொண்டது ஒரு கொய்யாப்பழக்காரர் மட்டும்தான், முந்தின நாள் சில்லறை இல்லாமல் திரும்பிப் போனவள் என்று.

மறுநாள் வழிகாட்டி கூப்பிட்டார். “நம்பர் மட்டும் இருந்தா பத்தாதும்மா. மனுஷக் குரல் ஒண்ணு வேணும். அந்த வறட்சியில கஷ்டப்பட்டவங்க நாலு பேரப் பேட்டி எடுத்துச் சேத்துடு. சப்மிட் பண்ணிடலாம்.”

நாலு பேர் என்ன, நாற்பது பேரை எடுக்கிறேன் என்று கிளம்பினேன். கோயிலில் உபதேசியார் மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, அந்த அஞ்சு வருஷம் மழைக்குப் பூசை கேட்டவங்கள்ல ஒரு நாலஞ்சு பேரைப் பாக்கணுங்க” என்றேன்.

“நாலஞ்சு பேரா? அது ஒரே ஆளுதாங்க மேடம்.”

“எந்த வருஷத்துக்கு?”

“அஞ்சு வருசத்துக்குந்தான்.”

பீடத்தின் படியில் உட்கார்ந்தேன். பிறகு என் வழக்கப்படி கோபம் வந்தது. “ரெண்டு வாரம் இங்கதானே உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?”

“நீங்க எத்தினி பூசன்னுதான எண்ணிக்கினு இருந்தீங்க. ஆளு யாருன்னு கேக்கவே இல்லியே. படிச்சவங்க, எதுக்கோ எண்றாங்கன்னு நானும் உட்டுட்டேன்.” அவர் சொன்னதில் ஒரு சொட்டுக் கிண்டல் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

சமூகத்தின் கூட்டுக் கவலை ஊர்க்கடைசியில் ஒரு தகர வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய்ந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. நிலம் கிடையாது, கூலி வேலை. ஒரு பக்கம் செடிகள் குவிந்திருந்தன, அவர் கை தன்பாட்டில் காயைப் பிய்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தது. உபதேசியார் என்னை விட்டுவிட்டுப் போனதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து, தயாரித்து வந்திருந்த முதல் கேள்வியைக் கேட்டேன். வறட்சி உங்களை எப்படிப் பாதித்தது?

“எந்த வறட்சி?” என்றார்.

“அந்த அஞ்சு வருஷம் மழை இல்லாம இருந்துச்சே, அக்கா.”

“உனக்கு யாரு சொன்னா? நல்லாத்தான் பேஞ்சிது. ஒரு வருசம் ஏரியே ரொம்பி கோடி போச்சி.”

“அப்புறம் ஏன் வாராவாரம் மழை வேணும்னு பூசை கேட்டீங்க?”

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சேம்பரு நிக்கறதுக்குத்தான்.”

சேம்பர் என்றால் செங்கல் சூளை. பொங்கல் முடிந்ததும் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செங்கல்பட்டுப் பக்கம் சூளைகளுக்குப் போவார்கள். மண்ணைக் குழைத்து அச்சில் அறுத்துப்போட்ட பச்சைக் கல் வெயிலில் காய வேண்டும், மழை பெய்தால் வேலை நடக்காது. மழைக்காலம் பிடித்துவிட்டால் சூளையை மூடி எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தது அப்படிப் போகிற ஒரு குடும்பத்தில்.

“மழ வந்தா கல்லு அறுக்க முடியாது. முடியலன்னா ஊட்டுக்கு அனுப்பிடுவான். அனுப்புனா எம்மவள பாத்துடலாம். அதுக்குத்தான் கேட்டேன்.”

“பேரை ஏன் போடல?”

“இன்னா கேள்வி கேக்கற நீ? அது மல்லாட்ட புடுங்கற காலம். ஊரு பூரா களத்துல காயப்போட்டுகினு இருக்கும்போது மழ கேட்டா உடுவாங்களா? பேரு வாணாம்னு உபதேசியாரு கையப் புடிச்சிக்கினு கேட்டேன். பூசையில வாசிக்கும்போது, யார்றா இவன்னு எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நானும் கூட சேந்து திரும்பிப் பாப்பேன்.”

நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். என் அத்தியாயம் செத்துக்கொண்டிருக்கும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் அம்புக்குறி ஒன்று பாக்கி இருந்தது. “அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க? ஏரி தூர்வாரினாங்களே, அதனாலயா?”

“ஏரிக்கும் எனக்கும் இன்னா? மவதான் வந்துட்டாளே. மாப்ளைக்கு திண்டிவனத்துல வண்டி ஓட்டற வேல. அவ பேக்கரில நிக்கிறா.”

நான் சிவப்பு மையில் கொண்டாடிய கொள்கைத் தலையீடு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரி. அந்த மகள் கையால் நானே பல தடவை பஃப்ஸ் வாங்கித் தின்றிருக்கக்கூடும்.

அதோடு எழுந்து கிளம்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நான் பெருக்கித் தள்ளிய அந்த வரி அரித்தது. “நடுவுல ஒரே ஒரு தடவை மழை நிக்கணும்னு கேட்டீங்களா?” என்றேன்.

ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்த அவர் கை நின்றது.

அந்த வருடம் வைகாசியில் சூளைப் பக்கம் நான்கு நாள் விடாமல் கொட்டியிருக்கிறது. காயப்போட்டிருந்த பச்சைக் கல் அத்தனையும் கரைந்து சேறாகிவிட்டது. யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை. கரைந்த கல்லையெல்லாம் மறுபடி அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஆனியில் வந்திருக்க வேண்டிய மகள் ஆவணி கடைசியில்தான் வந்தாள்.

“கையி ரெண்டும் வெடிச்சி, சோத்தப் பெசைய முடியல அவளால. நான்தான் ஊட்டி உட்டேன். ஒவ்வொரு வாயி ஊட்டும்போதும், இதுக்குத்தான் மழ கேட்டியாடின்னு என்னியே கேட்டுக்கினு இருந்தேன்.” அவர் என்னை நேராகப் பார்த்தார். “நீ மழையப் பத்திதான படிக்கிற? சொல்லும்மா. நான் கேட்டதாலதான் அது பேஞ்சிதா?”

ஆறு வருடத்தில் என்னை மதித்து ஒரு மனிதர் கேட்ட முதல் கேள்வி அது. இல்லை என்று ஒரு சொல் போதும். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? “ஒரு குறிப்பிட்ட மழைக்கு இதுதான் காரணம்னு தனியா ஒண்ணை உறுதியாச் சொல்ல முடியாதுங்க அக்கா. நிறையக் காரணங்கள் சேந்து...”

“அப்ப இருக்கலாம்ன்ற” என்றார் அவர்.

நான் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் காது கொடுக்கவில்லை. கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். “நீ எழுதறதுன்னா வறட்சின்னே எழுதிக்க, எனக்கு ஒண்ணுமில்ல. எம்மவளுக்கு மட்டும் தெரிய வாணாம். அவ எல்லாத்தையும் எடுத்து வெச்சிகினு படிப்பா.” என் ஆய்வேட்டை யாராவது படிக்கக்கூடும் என்று நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மனம் வேகமாக வேலை செய்தது. உண்மையை எழுதினால் அவர் ரகசியம் வெளியே வரும். பொய்யை அப்படியே விட்டால் அவர் கேட்டுக்கொண்டபடி நடந்ததாகும், எனக்குப் பட்டமும் கிடைக்கும். நல்லவளாக இருப்பதும் சுயநலமாக இருப்பதும் ஒரே பஸ்ஸில் வந்து நின்றது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். திண்டிவனம் மேம்பாலம் வரைக்கும் ரொம்ப நிம்மதியாக இருந்தது. இறங்கும்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை. மறுநாள் விழுப்புரம் போய் வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கெட்டவர் இல்லை, கெட்டிக்காரர். “அந்த வருஷங்கள்ல நிஜமாவே மழை குறைவா இருந்ததுன்னா? யார் கேட்டா என்னம்மா, கோடும் மழையும் பொருந்திடுமே. அரசாங்கத்து மழைமானிப் பதிவை வாங்கிப் பாரு” என்றார்.

அதற்காக அலைந்த அந்த ஒரு வாரமும், பெய்து முடிந்த மழை பெய்யாமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பூசை கேட்கவில்லை, அவ்வளவுதான். பதிவு கிடைத்தது. ஐந்து வருடமும் அந்த ஊரில் குறை சொல்ல முடியாத மழை. ஏரி கோடி போன வருடம்கூட அந்த அம்மாள் சொன்னபடியே இருந்தது.

“இதைத் தூக்கிடலாம் சார்” என்றேன். அழக் கூடாது என்று மேஜைமேல் இருந்த கோந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் தாள்களைத் திருப்பி என் பக்கமே தள்ளினார். பிறகு, “நீ எப்படித் தப்புப் பண்ணினேன்னு எழுதும்மா. அந்தம்மா கதை வேணாம், ஊர் வேணாம், சூளை வேணாம். எண்ணத் தெரிஞ்சவ கேக்கத் தெரியாம எப்படி ஏமாந்தேன்னு மட்டும் எழுது. அதுவும் ஒரு அத்தியாயம்தான்” என்றார். எழுதினேன். அந்த ஆய்வேட்டில் என் சொந்தச் சரக்கு என்று சொல்லக்கூடியது என் முட்டாள்தனம் ஒன்றுதான். அதைத் தேர்வாளர்கள் ஏற்பார்களா என்று அப்போது தெரியாது. ஆச்சரியமாக, எனக்கு அந்தக் கவலை விட்டுப்போயிருந்தது. அந்த அம்மாளுக்கு நான் சொன்ன பதில்தான் குடைந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் அதே பதிவில் அந்த வைகாசி வாரத்தைப் பார்த்தேன். சூளைப் பக்கம் கொட்டித் தீர்த்த அந்த நான்கு நாளும் வல்லம் பக்கத்தில் ஒரு துளிகூட இல்லை. கடலில் உருவான தாழ்வு ஒன்று வடக்கே ஒதுங்கிப் போயிருந்தது. அப்பாடா என்று இருந்தது. அவர் பூசை கேட்டது இந்த ஊர்க் கோயிலில். கேட்டு வந்த மழை என்றால் இந்த ஊரில் அல்லவா பெய்திருக்க வேண்டும்? பெய்யாத பகுதி வெள்ளை, பெய்த பகுதி நீலம் என்று பெரிய தாளில் கலர் வரைபடம் அச்சடித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தவர்கள், ஏதோ நேர்த்திக்கடனுக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அவர் அதே வாசலில் உட்கார்ந்து முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். நான் தாளை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தேன்.

“அக்கா, அன்னைக்குச் சரியாப் பதில் சொல்லல. இன்னைக்குச் சொல்றேன். இதுதான் நம்ம ஊரு. வெள்ளையா இருக்கு பாருங்க. அந்த நாலு நாளும் இங்க ஒரு சொட்டு மழை இல்ல. எல்லாம் அங்க, இந்த நீலத்துலதான். நீங்க கேட்டு வந்ததுன்னா இங்கதானே பெஞ்சிருக்கணும்?”

அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இங்க பெய்யணும்னு நான் எதுக்கும்மா கேக்கப் போறேன்? இங்கதான் மல்லாட்ட காஞ்சிகினு இருந்திச்சே. அங்க பெய்யணும்னுதான கேட்டேன்.” நீலத்தின்மேல் விரலை வைத்தார். “கரெக்டா அங்கியே பேஞ்சிருக்கு பாரு.”

ஆறு வருடத்தில் நான் போட்ட படங்களிலேயே துளி சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒன்றை நிரூபித்த படம் அதுதான். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம்போல இருந்தது. தாளைச் சுருட்டப் போனேன், அவர் விரலை எடுக்கவில்லை.

“எந்த மழ?” என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே மகள் வாசலுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் அவளுக்கு விடுமுறை. யாருக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டார்களோ, அவளை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே உரக்க விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

அவள் குனிந்து வரைபடத்தைப் படித்தாள். மாதத்தைப் பார்த்தாள், நீலத்தைப் பார்த்தாள், அதன்மேல் இருந்த அம்மாவின் விரலைப் பார்த்தாள்.

“கல்லு கரைஞ்ச மழையா? அத நீயாம்மா கேட்ட?”

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. “நீ ஜல்தியா வந்துடுவன்னு கேட்டேன்டி. இப்டி ஆவும்னு தெரியாது.”

மகள் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். ஈரத் துண்டு தோளிலேயே கிடந்தது.

“நீ மட்டுமா கேட்ட? தெனம் கல்லு அறுத்துக்கினே மானத்தத்தான் பாத்துகினு இருப்போம். கரைஞ்சா கரையட்டும், ஒரு நாளு படுத்து எழுந்துக்கலாம்னு. மொத தூறல் உழுந்தப்ப சேம்பர்ல இருந்த அத்தினி பேரும் கை தட்னோம்மா. நான் மழயிலயே போயி நின்னுகினு இருந்தேன்.”

“இத்தினி வருசமா ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“நீ என் கையப் பாத்து அழுதுகினு இருந்த. நான் அன்னிக்கு சிரிச்சேன்னு உங்கிட்ட எப்டிம்மா சொல்றது?”